சமூகவியல் ஆய்வு எப்படி நடக்கிறது? ஒரு தோட்டத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

“தோட்டத்துப் பையன்கள் ஏன் மலை வேலைக்கு நிற்பதில்லை?” என்று இலங்கை மலையகத்தின் தேயிலை ஊரான ஹட்டன் பஸ் நிலையத்தில் யாரிடம் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். சம்பளம் காணாது என்பார் ஒருவர். நாலு எழுத்துப் படித்துவிட்டான், தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க வெட்கம் என்பார் இன்னொருவர். போனும் கொழும்பு மோகமும்தான் காரணம் என்று பெட்டிக்கடைக்காரர் முடித்துவைப்பார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணில் பட்டதைச் சொல்கிறார்கள். கண்ணில் பட்டது எத்தனை பேர், எந்தத் தோட்டத்தில், எங்கே நின்றுகொண்டு பார்த்தார் என்று திருப்பிக் கேட்கத் தொடங்கினால் நீங்கள் சமூகவியலுக்குள் வந்துவிட்டீர்கள்.

உயர்தரம் முடித்துப் பேராதனை, கிழக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிற நம் பிள்ளைகள் ஆய்வு என்றதும் முதலில் வினாக்கொத்து தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பெயர், வயது, பால், மாத வருமானம் என்று தொடங்கி முப்பது கேள்வி சேர்ந்துவிடும். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது மட்டும் அந்த முப்பதில் இருக்காது. முதலில் வரவேண்டியது ஆய்வின் கேள்வி. அந்தக் கேள்வி எந்தக் கோட்பாட்டிலிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். வினாக்கொத்தா, நேர்காணலா, கூட இருந்து பார்ப்பதா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். இந்த ஒழுங்கு புரிந்துவிட்டால் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கும் ‘கோட்பாடு’, ‘முறை’ இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒருவன் கதை, ஒரு டிவிசனின் கதை

ஒரு பையன் அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போனால் அது அந்த வீட்டு விசயம். தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனில் சாதாரண தரம் எழுதிய பையன்களில் பாதிக்கு மேல் அடுத்தடுத்த வருடங்களில் அதே வயதில் போனால், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சண்டை வந்தது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வெளியே ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் இதைத்தான் வலியுறுத்தினார்: தனிமனிதரின் தொல்லையையும் பொதுப் பிரச்சினையையும் பிரித்தறிய வேண்டும், பிரித்த பின் இரண்டையும் தொடுக்கவும் வேண்டும்.

அவருக்கு வெகு முன்பே, 1897இல், பிரான்சின் எமில் துர்க்கைம் தற்கொலையை ஆய்வுக்கு எடுத்தார். அதைவிடத் தனிப்பட்ட செயல் வேறு இல்லை என்று நாம் நினைப்போம். அவரோ நாடுகளின் புள்ளிவிபரங்களை அடுக்கிவைத்துப் பார்த்தார். ஒவ்வொரு சமூகத்திலும் அந்த வீதம் வருடா வருடம் பெரிதாக மாறாமல் நிற்கிறது. கத்தோலிக்கரை விடப் புரட்டஸ்தாந்தியரிடம் அதிகம். குடும்பத்தோடு வாழ்பவரை விடத் தனியாக இருப்பவரிடம் அதிகம். ஆளுக்கு ஆள் மனநிலை வேறுபட்டாலும் வீதம் அப்படியே நிற்கிறதென்றால், அந்த வீதத்துக்குக் காரணம் சமூகப் பிணைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். சமூகத்தை இயற்கை விஞ்ஞானம் போல வெளியிலிருந்து அளக்கலாம் என்ற இந்த நம்பிக்கைக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் புலனறிவாதம்.

ஜெர்மனியின் மக்ஸ் வெபருக்கு அளப்பது மட்டும் போதவில்லை. மனிதர் செய்கிற காரியத்துக்கு அவர்களுக்குள் ஓர் அர்த்தம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாமல் விளக்கம் முழுமையாகாது என்றார். கொழும்பில் கடைக்கு நிற்கும் பையன் தோட்டத்தில் கிடைப்பதை விடச் சில நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். செலவைக் கழித்தால் கையில் மிஞ்சுவது சில வேளை தோட்டத்தை விடக் குறைவு. அப்படியும் ஏன் போகிறான்? “அங்க யாரும் என்னைய லயத்துக்காரன்னு பாக்குறதில்ல” என்று அவன் சொன்னால் (லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு), அந்த விடை எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருக்காது.

அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என்ற பிரிவு இந்த இரண்டு வேர்களிலிருந்துதான் கிளம்புகிறது. எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் வீண். எத்தனை பேர், எந்த வீதத்தில் என்று கேட்டால் எண்ண வேண்டும். எப்படி, என்ன நினைத்து என்று கேட்டால் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கோட்பாடு எதற்கு?

தொழிற்பாட்டுவாதம் சமூகத்தை ஒன்றையொன்று தாங்கும் பகுதிகளின் அமைப்பாகப் பார்க்கிறது. டல்கொட் பார்சன்ஸ் இதன் பெரிய பெயர். எனக்கு அதில் பிடித்த பகுதி அவருடைய மாணவர் ரொபர்ட் மேர்ட்டன் செய்த ஒரு பிரிவு: வெளிப்படையான பணி, மறைவான பணி. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் வெளிப்படையான பணி சம்பளமும் உரிமையும். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, ஆஸ்பத்திரிக்கு லொறி, திருவிழாவுக்குத் தோட்ட நிர்வாகியான துரையிடம் லீவு, புருசன் பெண்சாதிச் சண்டை, எல்லாம் தலைவர் வாசலுக்குத்தான் வரும். சம்பளத்தில் சங்கச் சந்தா ஏன் இன்னும் வெட்டப்படுகிறது என்பதற்கான விடையில் ஒரு பங்கு அந்த மறைவான பணியில் இருக்கலாம். இதற்கு மேல் தொழிற்பாட்டுவாதத்தோடு போனால் வழுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு பயன் இருக்கிறது என்றால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் பக்கத்திலேயே ஆட்களை வைத்திருக்க லயமும் ‘பயன்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போகலாம். யாருக்குப் பயன் என்ற கேள்வி அங்கே விழுந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வருவது முரண்பாட்டுக் கோட்பாடு. கார்ல் மார்க்ஸிடமிருந்து வரும் இந்தப் பார்வை சொத்து யாரிடம், உழைப்பு யாரிடம், விதி எழுதுவது யார் என்று பார்க்கும். மலையகத்துக்கு இதைப் பொருத்தினால் வரலாறு தானாக உள்ளே வரும். ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணி கொடுத்த முற்பணக் கடன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் ‘துண்டு’ச் சீட்டோடு தொழிலாளியின் பின்னாலேயே போனது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எழுபதுகளில் அரசு எடுத்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது. இவ்வளவையும் மேசையில் வைத்துவிட்டு நம் கேள்வியைத் திரும்பக் கேட்டால் அது உருமாறிவிடும்: வீடு தோட்ட வேலையோடு கட்டப்பட்டிருக்கும் இடத்தில், அம்மா மலையில் பேர் போட்டுக்கொண்டிருப்பதால்தான் (வேலை நாள் பதிந்துகொண்டிருப்பதால்தான்) மகனால் கொழும்பில் இருக்க முடிகிறதா? ‘பையனுக்கு வெட்கம்’ என்ற விளக்கத்தில் இந்த அம்மா கண்ணிலேயே படமாட்டார்.

பெண்ணியப் பார்வை இன்னும் ஒரு படி உள்ளே போய், கேள்வியில் ஏன் ‘பையன்கள்’ மட்டும் என்று கேட்கும். கட்டுநாயக்க ஆடைத்தொழிற்சாலை வலயத்துக்கும் கொழும்பு வீடுகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போன பெண் பிள்ளைகள் எங்கே? கொழுந்து எடுப்பவர்கள் பெண்கள், நிறுத்துக் கணக்கெழுதுபவரும் கங்காணியும் தலைவரும் பெரும்பாலும் ஆண்கள் என்பதை இயல்பு என்று விட்டுவிடாமல், அது எப்படி இயல்பாக்கப்பட்டது என்று தேடும். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான். இந்தக் கோட்பாடு முறையையும் மாற்றிவிடும். “நீங்கள் தினமும் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால் ஒரு அக்கா “எட்டு மணி நேரம்” என்பார், அவர் மனதில் வேலை என்றால் மலை மட்டும்தான். “நேத்து எந்திரிச்சதிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க அக்கா, ஒவ்வொன்னா சொல்லுங்க” என்று கேளுங்கள். விடியுமுன் தண்ணீர், ரொட்டி, பிள்ளைகளைக் கிளப்புவது, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் குழந்தையை விடுவது, மலை, விறகு, இரவுச் சோறு என்று பட்டியல் நீளும். பெண்ணின் வீட்டு உழைப்பும் உழைப்புதான் என்ற கோட்பாடு தலையில் இல்லாதவர் இரண்டாவது கேள்வியைக் கேட்கவே மாட்டார்.

கடைசியாகக் குறியீட்டு இடைவினைவாதம். பெயர் பயமுறுத்தும், விசயம் எளிது. ஆட்கள் நேருக்கு நேர் பழகும்போது ஒருவருக்கொருவர் அர்த்தங்களை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று இது சொல்லும். எர்விங் கொஃப்மன் அன்றாட வாழ்க்கையை மேடை, மேடைக்குப் பின்புறம் என்று பிரித்துப் பார்த்தார். காலைப் பிரட்டுக்குப் போய் நின்று பாருங்கள். துரைக்கு முன்னால் தலைத்துண்டு தோளுக்கு இறங்குகிறது, குரல் தாழ்கிறது, “சரிங்க” மட்டும் வருகிறது. அதே ஆட்கள் மலை ஏறி முதல் வளைவு திரும்பியதும் துரையின் நடையையும் பேச்சையும் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். பிரட்டை மட்டும் பார்த்த ஆய்வாளர் ‘அடங்கிப்போன சமூகம்’ என்று எழுதுவார். அந்த முடிவோடு அச்சேறிய எழுத்துகள் இருக்கத்தான் செய்கின்றன.

எண்களோடு பழகுவது

அளவுசார் ஆய்வில் முதல் வேலை, பேச்சு வழக்கில் இருக்கும் ஒன்றை எண்ணக்கூடிய ஒன்றாக மாற்றுவது. பெரும்பாலான சண்டை அங்கேதான் நடக்கும். ‘குடும்பம்’ என்பதையே எடுப்போம். ஒரு லயக் காம்பிராவில், அதாவது ஓர் அறை வீட்டில், தாய் தகப்பன், கல்யாணமான மூத்த மகன், அவன் பெண்சாதி, பிள்ளைகள் இருக்கிறார்கள். இது ஒரு வீட்டுத்துறையா, இரண்டா? கணக்கெடுப்புகள் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல், சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது. ஆகவே கதவை எண்ணாமல் அடுப்பை எண்ண வேண்டும். முன் திண்ணையான இஸ்தோப்பைத் தகரம் வைத்து அடைத்து மருமகள் தனியாக உலை வைக்கிறாள் என்றால் அங்கே இரண்டு வீட்டுத்துறை. மாமியாரோடு கோபம் தீர்ந்து அடுத்த மாதம் ஒரே அடுப்பானால் ஒன்று. வெளியில் நின்று காம்பிரா இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனவரின் எண்ணிக்கை இதைத் தவறவிடும்.

அதிகாரபூர்வப் புள்ளிவிபரத்தையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமானச் செலவின அளவீடு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தோட்டத் துறையில் வறியவர் வீதம் 2016இல் 8.8 சதவீதம். அடுத்து வந்த 2019 அளவீட்டில் 33.8. மூன்று வருடத்தில் நான்கு மடங்கு வறுமையா? இடையில் வறுமைக் கோடு புதுப்பிக்கப்பட்டது. மாதம் ஆளுக்கு 4,166 ரூபாயாக இருந்த தேசியக் கோடு, புதிய அடிப்படையில் 6,966 ரூபாயானது. கோடு மேலே போனதும், முன்பு அதற்குச் சற்று மேலே நின்றவர்கள் கீழே வந்துவிட்டார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தலைப்பு எழுதுவது பிழை. ஆனால் 2019இல் முழு நாட்டின் வீதம் 14.3, தோட்டத்தினுடையது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த ஒப்பீடு சரியானது, ஏனெனில் இரண்டும் ஒரே வருடத்தில், ஒரே கோட்டால் அளந்தவை.

‘தோட்டத் துறை’ என்பதும் ‘மலையக மக்கள்’ என்பதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. அங்கே தோட்டம் என்றால் 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துத் தொழிலாளராவது குடியிருக்கும் பெருந்தோட்டம். ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவரும், கொழும்பில் வேலை செய்து அங்கேயே தங்கிவிட்டவரும் அந்தக் கணக்கில் நகரத்தவர். குடிசன மதிப்பீட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. 1911இலிருந்து ‘இந்தியத் தமிழர்’ தனி வகை. 1971இல் சனத்தொகையில் 9 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்கள் 1981இல் 5.5 சதவீதம். ஒப்பந்தப்படி கப்பல் ஏறியவர்கள் இதில் பெரும் பங்கு. தங்களை ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டவர்களும் ஒரு பங்கு. ஆள் குறைந்ததா, பெயர் மாறியதா என்று எண் தானாகச் சொல்லாது.

மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. எல்லாரையும் கேட்க முடியாது, ஒரு பட்டியலிலிருந்து எழுமாறாகச் சிலரைத் தெரிகிறோம். எந்தப் பட்டியல்? தோட்ட அலுவலகத்தின் வேலைப் பதிவேடான செக்ரோல் சுலபமாகக் கிடைக்கலாம். ஆனால் தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று ஆராய, தோட்டத்தில் பேர் போடுகிறவர்களின் பட்டியலை எடுப்பது, பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் பற்றி அறிய பஸ்ஸுக்குள் ஏறிக் கேட்பது போல. வாக்காளர் இடாப்போ, வீடு வீடாக நாமே எடுக்கும் பட்டியலோ பரவாயில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்புப் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள், அந்த வாரத்தில் களத்துக்குப் போனால் அவர்களையும் பிடிக்கலாம்.

கேட்பதும் பார்ப்பதும்

நேர்காணலில் சொற்களை விட, யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது பெரிது. தோட்ட உத்தியோகத்தர் கூட்டிக்கொண்டுபோய் “இவங்க கம்பஸ்ல இருந்து வந்திருக்காங்க, கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க” என்று அறிமுகப்படுத்தினால், “ஒரு குறையும் இல்லீங்க மிஸ்” என்ற பதிலோடு திரும்பலாம். தலைவர் கூட்டிக்கொண்டு போனால் குறை மட்டும்தான் வரும். அரசின் அஸ்வெசும உதவிப் பட்டியலுக்கோ வீட்டுத் திட்டத்துக்கோ பெயர் எடுக்கிறார்கள் என்று லயத்தில் செய்தி பரவிவிட்டால், வருமானம் ஒரே இரவில் பாதியாகக் குறைந்துவிடும். மக்களைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. கொப்பியோடு வந்து கேட்டவர்கள் இதற்கு முன் எதற்கு வந்தார்கள் என்ற அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறார்கள்.

மாத வருமானத்தை நேராகக் கேட்பதை விடச் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிச் சேர்ந்து படிப்பது நல்லது. எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு என்று மேலே இருக்கும். கீழே கழிவுகள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள். ஒவ்வொரு கழிவுக்கும் பின்னால் ஒரு கதை வரும். “இந்தக் கடன் எதுக்குங்க?” என்ற சின்னக் கேள்விக்கு மகளின் பெரியமனுசி சடங்கு, மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்று முக்கால் மணி நேரம் பேசுவார்கள். வினாக்கொத்தில் ‘கடன் உண்டு / இல்லை’ என்று இரண்டு கட்டம்தான் இருக்கும்.

சில விசயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே முடியாது. சாதி அதில் ஒன்று. “அதெல்லாம் அந்தக் காலம், இப்ப யாரு பாக்குறா” என்பார்கள், அதை மனதாரச் சொல்பவர்களும் உண்டு. கோயில் திருவிழாவில் எந்த வேலை யாருக்குப் போகிறது, கல்யாணத்தில் யார் பந்தியில் உட்காருகிறார்கள், யார் சாப்பிடாமல் மொய் மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று மாதக்கணக்கில் கூட இருந்து பார்ப்பவருக்குத்தான் விடை கிடைக்கும். பங்குபற்றல் அவதானம் என்பது இது. மாலினோவ்ஸ்கி முதலாம் உலகப்போர்க் காலத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி மானிடவியலில் இதை நிலைநாட்டினார். நம் பிள்ளை சொந்தத் தோட்டத்தில் செய்தால் பாஷை தெரியும், உறவு தெரியும், கதவு திறக்கும். எல்லாம் பழகிப்போனதால் கண்ணில் படாமல் போகிற ஆபத்தும் அதே அளவு உண்டு. நீங்கள் எந்த வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால் சிலர் வாயே திறக்கமாட்டார்கள்.

ஆவணங்களை மறந்துவிடாதீர்கள். 1854இல் தொடங்கிய தோட்டத்துரைமார் சங்கத்தின் பதிவுகளில் நம் முன்னோர் ‘தொழிலாளர் எண்ணிக்கை’யாக வருவார்கள். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் சேர்த்துத் தந்த நாட்டார் பாடல்களில் அதே ஆட்கள் கங்காணியைத் திட்டுவார்கள், ஊரை நினைத்து அழுவார்கள். ஒன்று துரைமாரின் தேவைக்கு எழுதப்பட்டது, மற்றது மலையில் பாடப்பட்டது. ஒவ்வொன்றையும் யார், யாருக்காக, எப்போது உண்டாக்கினார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சான்றாக எடுக்க வேண்டும்.

கடைசியில் ஒரு நடைமுறைச் சங்கதி. அறிக்கையில் பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். எண்பது வீடுள்ள டிவிசனில் ‘ஒரே பெண் கங்காணி’ என்று எழுதினால் பெயர் எதற்கு? ‘சவூதிக்குப் போய்த் திரும்பிய, கணவனை இழந்த, மூன்று பெண் பிள்ளைகளின் தாய்’ என்றாலும் அடுத்த லயத்துக்காரருக்கு ஆள் தெரிந்துவிடும். விவரங்களைக் கலைத்து எழுதுங்கள். தோட்டத்தின் பெயரை விட்டுவிடுங்கள். துரையைப் பற்றிச் சொன்ன வரிகளை, சொன்னவரிடமே வாசித்துக் காட்டி, போடலாமா என்று கேளுங்கள். “வேணாம்மா, அத எடுத்துருங்க” என்றால் எவ்வளவு நல்ல மேற்கோளாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நீங்கள் பஸ் ஏறிய பிறகும் அவர் அடுத்த நாள் காலை அதே பிரட்டுக்குத்தான் போகவேண்டும்.